9,000 ரூபாய்க்குப் புலி காட்டுகிறார்களாம்!

கேள்வி: தை மாதம் பாளையங்கோட்டையில் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். சனிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறோம். ஞாயிறு முகூர்த்தம், திங்கள் இரவு ரயிலில் திரும்புகிறோம். பிள்ளைகள் இருவருக்கும் (11 வயது, 8 வயது) பறவை, விலங்கு என்றால் உயிர். மாமியாருக்கு முழங்கால் வலி. லாட்ஜ்காரர் சொன்ன ஒரு டிராவல்ஸில், “மாஞ்சோலைக்கு ஜீப், பெர்மிட் எல்லாம் நாங்களே பாத்துக்கிடுதோம், புலியும் சிங்கவால் குரங்கும் நிச்சயம்” என்று 9,000 ரூபாய் கேட்கிறார்கள். பாதியை இப்போதே அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? இல்லையென்றால் ஊரைச் சுற்றி வேறு என்ன பார்க்கலாம்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். நாள் போகப் போக அந்த நம்பரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

மாஞ்சோலை இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988-இல் வந்த இதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டி மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது அம்பாசமுத்திரம் வனக்கோட்டம், டிராவல்ஸ் ஆபீஸ் அல்ல. மழை, காட்டுத்தீ பயம், புலிக் கணக்கெடுப்பு என்று ஏதாவது வந்தால் முதல் நாள் சாயங்காலம்கூட வழியை அடைத்துவிடுவார்கள். அப்போது உங்கள் 4,500 ரூபாய்க்கு என்ன பதில்? “மேலே க்ளோஸ் மேடம், அருவியாவது பாத்துட்டு வருவோம்” என்று பாபநாசத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அகத்தியர் அருவி நல்ல இடம்தான். அதற்கு எந்த இடைத்தரகரும் தேவையில்லை.

“ரேஞ்சர் நமக்கு வேண்டியவரு அண்ணாச்சி” என்ற வசனம் வந்தாலே போனை வைத்துவிடுங்கள். உண்மையான அனுமதி என்றால் அதில் உங்கள் பெயர், வண்டி எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மங்கலாக வருகிற யாரோ ஒருவரின் பழைய சீட்டை வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியில் நின்றால், அவமானப்படுவது நீங்கள்தான். டிரைவர் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருப்பார்.

புலி நிச்சயம் என்கிறாரே, அது இன்னும் மோசம். முதுமலையில் சாலையிலிருந்தே மரங்களுக்கிடையில் வெகுதூரம் தெரியும். இங்கே மலை ஏற ஏறப் பசுமைமாறாக் காடு, பத்தடிக்கு அப்பால் இலைதான். வேட்டைத் தடுப்புக் காவலர்களே காலடித் தடத்தையும் எச்சத்தையும் பார்ப்பதுதான் அதிகம். சிங்கவால் குரங்கு என்று அவர் காட்டப்போவது அநேகமாகக் கருமந்தியாக இருக்கும். கருமந்திக்கு நீண்டு தொங்கும் வால். சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் குட்டை, நுனியில் குஞ்சம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள், டிரைவரை அவர்களே பிடித்துவிடுவார்கள். மலையேறத்தான் ஆசை என்றால், வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு அந்த யோசனை வேண்டாம்.

திங்கள்கிழமையைக் கூந்தன்குளத்துக்குக் கொடுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக 35 கிலோமீட்டர் சொச்சம். 1994-இல் பறவைகள் சரணாலயமானது. 129 ஹெக்டேர். 2021-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இதையெல்லாம் விட முக்கியம், அங்கே பறவை குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள்ளும் இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்தில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். வெயில் ஏறினால் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிப்பதை நீங்கள் தெருவில் நின்றே பார்க்கலாம். அண்ணாந்து பார்த்தால் போதும், பைனாகுலர்கூட வேண்டாம். மாமியாருக்கு ஒரு திண்ணையோ பிளாஸ்டிக் நாற்காலியோ கிடைத்தால் அவர் பாட்டுக்கு உட்கார்ந்து பார்ப்பார். குளத்தில் கூழைக்கடா, அரிவாள்மூக்கன், தை மாதம் என்பதால் இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தும் இருக்கும். விடிந்ததும் கரையில் நிற்க வேண்டும். ஐந்தரைக்குக் கிளம்புங்கள்.

ஒரே ஒரு ‘ஆனால்’ உண்டு. இதைக் கவனமாகப் படியுங்கள். கூந்தன்குளம் இயற்கை ஏரி இல்லை, பாசனக் குளம். மழைத் தண்ணீர் மட்டும் அதற்குப் போதாது, மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வர வேண்டும். அந்தக் கால்வாயில் மொத்தம் நான்கு ரீச், அதாவது நான்கு பகுதி. கூந்தன்குளம் இருக்கிற நாங்குநேரிப் பக்கத்துக்குத் தண்ணீர் கடைசி ரீச்களில்தான் வரும். அணையில் இருப்பு குறைவு என்றாலோ, அந்த வருடம் முன்னுரிமை முதல் இரண்டு ரீச்களுக்கு என்றாலோ, இந்தப் பக்கத்துக்கு நேரத்துக்கு வராது. குளம் காய்ந்தால் நாரை கூடு கட்டாது. குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் பூனையும் நாயும் அண்டாது. அப்படிப்பட்ட வருடங்களில் பறவைகள் விஜயநாராயணம் மாதிரித் தண்ணீர் உள்ள குளங்களுக்குப் போய்விடும்.

ஆகவே தை என்றால் சீசன் என்று கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. இணையத்தில் கிடக்கிற படங்கள் எந்த வருடத்தவை என்று யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் மூலைக்கரைப்பட்டி, நாங்குநேரிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். அவரிடம் “கூந்தன்குளத்துல தண்ணி கெடக்கா?” என்று மட்டும் கேளுங்கள். “பறவை இருக்கா?” என்று கேட்காதீர்கள். நான்கு கொக்கு நின்றாலும் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். குளத்தில் தண்ணீர் இல்லை என்றால், வீரவநல்லூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் திருப்புடைமருதூருக்குப் போங்கள். நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் பறவைகள் அடையும். 2005-இல் அதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை, அதனால் நடை குறைவு. மாமியாருக்குச் சாமி கும்பிட்ட மாதிரியும் ஆயிற்று.

குளத்தில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? தண்ணீருக்கு ஒரு துறை, பறவைக்கு ஒரு துறை, ரோட்டுக்கு வேறொரு துறை. எதில் கேட்டாலும் அடுத்த கதவைக் காட்டுவார்கள். தரகர் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான்.

சனிக்கிழமை மாலை வரவேற்பு ஏழு மணிக்கு மேல் என்றால், மூன்று மணிக்குக் கிளம்பி வல்லநாடு போகலாம். தூத்துக்குடி சாலையில் அரைமணி நேரம், வெளிமான் சரணாலயம். முதலில் அங்குள்ள வனத்துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாக ஒரு கிடா நின்றால் பிள்ளைகளுக்கு அது போதும். வரவேற்பு சீக்கிரம் என்றால் இதை விட்டுவிட்டுக் குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறைக்கு ஆட்டோவில் போங்கள். தாமிரபரணியில் நீர்க்காகம் முங்கி எழுவதும் செம்பருந்து வட்டமிடுவதும் ஊருக்குள்ளேயே கிடைக்கும். டவுனில் நயினார்குளமும் உண்டு, மார்க்கெட் பக்கத்துக் கரை மட்டும் நாறும்.

கூந்தன்குளத்தில் ஒரு விஷயம். கேமராவோடு வருகிற சிலர், பறப்பதைப் படமெடுக்கக் கைதட்டியும் கல்லெறிந்தும் கலைத்துவிடுவார்கள். கீழே விழுந்த குஞ்சைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லவும் ஆள் இருக்கலாம். இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. ஊர் எல்லையிலேயே டிரைவரிடம் ஹாரன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வண்டியைப் பேக்கேஜாகப் பேசாமல் நாள் வாடகையும் கிலோமீட்டருமாகப் பேசுங்கள். வெயிட்டிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லச் சொல்லுங்கள். காசை இறங்கும்போது கொடுத்தால் போதும். கல்யாணப் பட்டுப்புடவையோடு கூந்தன்குளம் போக வேண்டாம், ஆளுக்கொரு குடை வேண்டும். வெயிலுக்கு இல்லை, கூடு இருக்கிற மரத்துக்குக் கீழே நிற்பீர்களே, அதற்கு.