லெலுவாரின் டயர் டியூப் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார்போஹைட்ரேட் வேதியியலில் ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வகத்தின் குளிர் சென்ட்ரிஃபியூஜ் (கரைசல்களைக் குளிர்நிலையில் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) பழுதாகிப் பல மாதங்கள் ஆகின்றன. கேட்டால், “லெலுவார் டயர் டியூபில் ஐஸ் போட்டே நோபல் வாங்கினார்” என்கிறார் வழிகாட்டி. அது உண்மையா? உண்மையென்றால் நாங்கள் கருவி கேட்பது பேராசையா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்மைதான். 1940களின் இறுதியில் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் ஒரு பழைய சிறு வீட்டில் உயிர்வேதியியலாளர் லூயிஸ் லெலுவாரின் ஆய்வகம் இயங்கியது. டயர் டியூபில் ஐஸும் உப்பும் நிரப்பி சென்ட்ரிஃபியூஜைக் குளிர வைத்தார்கள். கூரை வேறு ஒழுகும்.

ஆனால் உங்கள் வழிகாட்டி பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். லெலுவார் பெரும் நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளை. பணக்காரர் பிய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதும், உதவித்தொகை வராத மாணவர் உட்காருவதும் ஒன்றா? படித்த இடங்களும் சாதாரணமானவை அல்ல. 1936இல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலாளர் ஹாப்கின்ஸின் ஆய்வகம். 1943இல் அவருடைய ஆசான், உடலியல் அறிஞர் உசாய், அரசியல் சட்டப்படி ஆட்சி நடக்கவேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். லெலுவாரும் விலகி அமெரிக்கா போனார். செயின்ட் லூயிஸில் உயிர்வேதியியலாளர்களான கார்ல், கெர்ட்டி கோரி தம்பதியிடம் வேலை செய்தார்.

எனக்கு டியூபைவிட அதில் குளிர்ந்த சரக்குதான் முக்கியம். பால் சர்க்கரையில் வளரும் ஒரு ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு, பால் சர்க்கரையின் ஒரு பகுதியான காலக்டோஸ் எப்படிக் குளுக்கோஸாகிறது என்று பார்த்தார்கள். என்சைமை (வினையைத் தூண்டும் புரதத்தை) மட்டும் பிரித்தெடுத்துப் போட்டால் வினை நடக்கவில்லை. கொதிக்கவைத்த ஈஸ்ட் சாற்றைச் சேர்த்தால் நடந்தது. கொதித்தால் என்சைம் செத்துவிடும். ஆக, வெப்பம் தாங்குகிற வேறு ஏதோ ஒரு சிறு மூலக்கூறு துணைக்கு இருக்கிறது. தேடியபோது ஒன்றல்ல, இரண்டு கிடைத்தன. முதலாவது குளுக்கோஸ் டைபாஸ்பேட். இரண்டாவது புற ஊதா ஒளியை உறிஞ்சிய விதம் அடினோசின் என்ற மூலக்கூறு மாதிரி இருந்தது, ஆனால் அச்சாக அது இல்லை. அந்தச் சின்ன வேறுபாட்டை அவர்கள் ‘சரி, பிழையாக இருக்கும்’ என்று ஒதுக்கவில்லை. அது அடினோசினின் உறவான யூரிடின் என்று தெரிந்தது. யூரிடின் டைபாஸ்பேட்டோடு குளுக்கோஸ் ஒட்டிய அந்தப் பொருளைத்தான் இன்று யுடிபி குளுக்கோஸ் என்கிறோம். 1950இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். பாஸ்பாரிலேஸ் என்ற என்சைமைக் கொண்டு கோரி தம்பதி சோதனைக் குழாயில் கிளைகோஜனை (உடம்பு குளுக்கோஸைச் சேமித்து வைக்கும் வடிவம்) உருவாக்கிக் காட்டியிருந்தார்கள். உடம்பும் அப்படித்தான் செய்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். 1957இல் லெலுவாரும் அவருடைய சக ஆய்வாளர் கார்டினியும் யுடிபி குளுக்கோஸிலிருந்து கிளைகோஜன் உருவாவதைக் காட்டினார்கள். அது வேறு என்சைம், வேறு பாதை. செல்லுக்குள் பாஸ்பேட் மிகுதி என்பதால் பாஸ்பாரிலேஸ் அங்கே கிளைகோஜனை உடைக்கத்தான் செய்யும். 1959இல் மெக்ஆர்டில் என்ற பிறவித் தசை நோய் உள்ளவர்களின் தசையில் பாஸ்பாரிலேஸ் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பழைய கணக்குப்படி அங்கே கிளைகோஜனே இருக்கக்கூடாது. இயல்பைவிட அதிகமாகக் குவிந்து கிடந்தது! தன்னை வரவேற்ற கோரி ஆய்வகத்தின் கருத்தையே லெலுவாரின் முடிவு திருத்தியது. அறிவியலில் இதைவிட நல்ல குருதட்சிணை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காலக்டோஸ் குளுக்கோஸாகும் வழிக்கு இன்று லெலுவார் பாதை என்றே பெயர். அதில் ஒரு என்சைம் பிறவியிலேயே குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஆகாது. ஈரல் கெடும், கண்ணில் புரை விழும்.

1970இல் வேதியியல் நோபல் வந்தது. பரிசுப் பணத்தை நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆய்வகம் காம்போமார் என்ற ஜவுளி ஆலை அதிபரின் பணத்தில் நடந்தது. 1957இல் அவர் இறந்ததும் நிதி நின்றது. லெலுவார் டயர் டியூபைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு உதவி கேட்டு விண்ணப்பித்தார், பணமும் கிடைத்தது. அடுத்த ஆண்டு அரசு கொடுத்த ஒரு பழைய பள்ளிக் கட்டடத்துக்கு ஆய்வகம் மாறியது. உங்கள் வழிகாட்டி அடுத்த முறை லெலுவாரை இழுத்தால் இந்த விண்ணப்பத்தைப் பற்றியும் சொல்லுங்கள். சென்ட்ரிஃபியூஜுக்கான கோரிக்கையை எழுத்திலேயே கொடுங்கள்.