கார் எவ்வளவு எடையைப் பாதுகாப்பாக இழுக்கும்?

இழுவை வரம்பு என்பது, பின்னால் மாட்டும் டிரெய்லரும் அதிலுள்ள சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று கார் தயாரிப்பாளர் வைத்த எல்லை. காரின் கையேட்டில் இருக்கும். அங்கே எண்ணே இல்லையா? இழுக்காதீர்கள்.

இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளியவர்களைக் கேளுங்கள். மேட்டில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் வண்டி ஆளையே இழுத்துக்கொண்டு ஓடும், பூட்ஸ் செம்மண்ணில் வழுக்கும். கார் பிரேக்குக்கும் அதே கதிதான். அதனால்தான் தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வரம்பு இன்னும் குறைவு.

சரி, கணக்குக்கு வருவோம். காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,000 கிலோ வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் கார் 1,500, ஆட்களும் சாமான்களும் 350. மிச்சம் 1,150. ஆனால் கையேட்டில் இழுவை வரம்பு 1,000 என்றால், சிறிய எண்தான் செல்லும். காலி டிரெய்லரே 250 கிலோ என்றால் சரக்குக்கு 750தான். கோயில் திருவிழாவுக்கு 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி ஏற்றினால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ!

அப்புறம், டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் காரின் சுமையில் சேரும். டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது.

'கொக்கியில் 2,000 கிலோ என்று போட்டிருக்கிறதே' என்பார்கள். அது கொக்கி தாங்கும் எடை, கார் இழுக்கும் எடை அல்ல.