தோழியின் ரகசியத்தைச் சுமக்கும் மகள்: தண்டையார்பேட்டைத் தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா. பள்ளியின் சக மாணவர் ஆலோசனைக் குழுவில் இருக்கும் உங்கள் மகளிடம், உடன் படிக்கும் பெண் "வாழப் பிடிக்கவில்லை, யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியதிலிருந்து மகள் உறக்கமின்றித் தவிப்பதாக எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சத்தியத்தை இன்றே மீறச் சொல்லுங்கள். காதுகொடுத்துக் கேட்பதும், ஆபத்தென்று தெரிந்தால் பொறுப்புள்ள பெரியவரிடம் சேர்ப்பதும்தான் குழு மாணவியின் வேலை. ஓர் உயிரைத் தனியாகக் காக்கும் பொறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது பெரும் அநியாயம். "உன்னை இழக்க எனக்கு மனமில்லை, மிஸ்ஸிடம் சொல்லப்போகிறேன், நீயும் வா" என்று தோழியிடம் நேராகச் சொல்லட்டும். அவள் கோபித்துக்கொண்டாலும் சொல்லியே ஆக வேண்டும். நீங்களும் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். அந்தப் பெண்ணைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளவும், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் நச்சுப் பொருட்களையும் பூட்டி வைக்கவும் அவளுடைய பெற்றோரிடம் பள்ளி சொல்ல வேண்டும். வீடே அவளுக்கு அச்சமூட்டும் இடமென்றால், முதலில் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைப்பது நல்லது.

உங்களுக்கு அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையை, 14416 என்ற எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மகளுக்காக நீங்களும் பேசலாம்.

"முன்பே ஏன் சொல்லவில்லை" என்று மகளைக் கேட்காதீர்கள். சில வாரங்களுக்குக் குழுப் பணியிலிருந்து அவளுக்கு ஓய்வு தருமாறு பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.