தோள் எரிச்சலுக்குக் காரணம் ஸ்ட்ராப் இல்லை, 38 என்ற நம்பர்

கேள்வி: எனக்கு 41 வயது, இரண்டு குழந்தைகள். பல வருடங்களாக 38 சைஸ் பிராதான் போடுகிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் முடிந்து வீட்டுக்கு வரும்போது தோளில் ஸ்ட்ராப் பதிந்த இடம் பள்ளமாகி எரிகிறது. ஹூக் பட்டை முதுகில் மேலே ஏறிக்கொள்கிறது. கப்பின் மேல் விளிம்பில் சதை பிதுங்குகிறது. கடையில் கேட்டால் 40 போடச் சொல்கிறார்கள். நானே டேப் வைத்து அளந்ததில் மார்புக்குக் கீழே 32 இன்ச், மார்பின் மேல் 40 இன்ச். இணையத்தில் கணக்குப் போட்டால் 32 எஃப்எஃப் என்கிறது! எது சரி? எந்த மாடல் வாங்கலாம்? இறுக்கமாகப் போட்டால் புற்றுநோய் வரும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். போன மாதம் பிரசவமான என் தங்கைக்கும் நீங்கள் சொல்வது பொருந்துமா?
– ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த 40-ஐ வாங்காதீர்கள். நீங்கள் கொடுத்த அளவுப்படி உங்கள் சைஸ் 36 டி; எண் பட்டையின் அளவு, எழுத்து கப்பின் அளவு. பட்டை இப்போது இருப்பதைவிடச் சின்னது, கப் பெரியது. கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர்.

மார்பகத்தில் அதைத் தூக்கி நிறுத்தும் தசை கிடையாது. கொழுப்பு, பால் சுரப்பி, மெல்லிய நார்கள், மேலே தோல், அவ்வளவுதான். எடையை வெளியிலிருந்து ஏதாவது ஒன்று ஏந்த வேண்டும். அந்த வேலையில் பெரும் பங்கு மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி வரும் பட்டைக்குத்தான். ஸ்ட்ராப் கப்பை நேராகப் பிடித்து வைத்தால் போதும். பாவாடை நாடா தளர்ந்துவிட்டால் தோளில் குத்திய ஊக்கு புடவையைத் தாங்குமா? உங்கள் 38-ல் நடப்பது அதுதான். பட்டை தளர்ந்திருப்பதால் முன்பக்க எடை அதைக் கீழே இழுக்கிறது, பின்பக்கம் மேலே ஏறுகிறது. அத்தனை பாரமும் இரண்டு விரல்கடை நாடாவில் வந்து உட்காருகிறது. ஸ்ட்ராப்புக்கு அடியில் வைக்கிற மெத்தை, அகல ஸ்ட்ராப் என்று எதை மாற்றினாலும் இந்தக் கதை மாறாது.

அப்படியானால் 40 போட்டால் பிதுங்கல் நின்றுவிடுமே என்பீர்கள். நிற்கும். கடையில் கிடைக்கும் 40 பெரும்பாலும் பி கப். பி என்ற எழுத்துக்குத் தனியாக ஓர் அளவு கிடையாது. பட்டை இரண்டு இன்ச் கூடினால் அதே எழுத்துள்ள கப்பும் ஒரு படி பெரிதாகும். அதனால் 40 பி, 38 சி, 36 டி மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஒன்றேதான். கடைக்காரர் உங்களுக்குச் சரியான கப்பைத்தான் கொடுத்தார், நான்கு இன்ச் தொளதொளப்பான பட்டையில் வைத்துக் கொடுத்தார். வாங்கிய அன்று சுகமாக இருக்கும். ஒரு மாதத்தில் எலாஸ்டிக் இளகியதும் மறுபடி தோள் எரியும், "42 பார்க்கலாமா மேடம்" என்பார்.

அவர் ஏன் 36 டி எடுத்துக் கொடுக்கவில்லை? அவரிடம் இல்லை. 32-லிருந்து 42 வரை ஆறு பட்டை அளவு, ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி, டி, அதிலும் மூன்று நிறம் என்றால் ஒரே மாடலுக்கு 72 டப்பா. சின்னக் கடை அதற்கு அலமாரி ஒதுக்காது. பி மட்டும் வாங்கி அடுக்கிவிட்டு, வருகிற எல்லோரையும் அதற்குள் தள்ளுவதுதான் நடைமுறை. டப்பாவில் 38 என்று மட்டும் போட்டு, கப் எழுத்தே இல்லாமல் விற்கிற சரக்கும் நிறைய. பேட்டர்ன் வெட்டுகிற வேலையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எழுத்தில்லாத டப்பா பெரும்பாலும் பி கப்தான். அரைகுறை அளவை விற்கிறவரை யாரும் கேட்பதில்லை, பெண்களும் வெட்கப்பட்டுக்கொண்டு கறுப்புக் கவரில் வாங்கி வந்துவிடுகிறோம்.

இணையக் கணக்கு சொன்ன 32 எஃப்எஃப்-க்குப் பயப்பட வேண்டாம். அது பிரிட்டன் பக்கத்து முறை. மார்புக்குக் கீழே எத்தனை இன்ச்சோ அதையே பட்டை நம்பராக வைத்து, மீதி வித்தியாசம் முழுவதையும் கப்பில் ஏற்றும். நம் கடைகளில் கிடைக்கிற சரக்குக்குப் பழைய முறைதான் ஒத்துவரும்: கீழளவு இரட்டைப்படை என்றால் 4 கூட்டுங்கள், ஒற்றைப்படை என்றால் 5. உங்களுக்கு 32 + 4 = 36. மேலளவு 40. வித்தியாசம் 4. ஒன்று ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. சில நல்ல தயாரிப்புகளின் டப்பாவில் சென்டிமீட்டரில் அட்டவணை அச்சிட்டிருப்பார்கள். அதில் கீழளவு 78 முதல் 82 வரை என்றால் 36. உங்கள் 32 இன்ச் என்பது 81 சென்டிமீட்டர் சொச்சம், அதற்குள்தான் வருகிறது. ஆனால் அந்த அட்டவணைப்படி கப் ஒரு படி கூடுதலாக, டிடி என்றும் வரலாம். இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டேப் உங்களைச் சரியான டப்பாவின் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அதற்கு மேல் அதனால் ஆகாது.

ஒருமுறை கூடுதலாக அளந்துவிடுங்கள். கீழளவுக்கு மூச்சை வெளியே விட்டு, டேப் தரைக்கு இணையாக, தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். மேலளவுக்கு, இரண்டு பிரசவம் கண்டு தளர்ந்த மார்பு என்பதால், இடுப்பிலிருந்து முன்பக்கம் குனிந்துகொண்டு அளந்தால்தான் முழு அளவு கிடைக்கும். பேட் வைத்த பிராவுக்கு மேல் அளந்தால் பேடின் அளவுதான் வரும்.

கடையில் விற்பனையாளர் டப்பாவைத் திறந்து, பிராவை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி "நல்லா இழுக்கும் மேடம்" என்பார். அது குறை. அவர் கையில் அத்தனை சுலபமாக நீள்கிற எலாஸ்டிக் உங்கள் முதுகில் மூன்று மாதம்கூடத் தாங்காது. போட்டுப் பார்க்கும்போது கடைசி வரிசை ஹூக்கில், அதாவது மிகத் தளர்ந்த வரிசையில் மாட்டுங்கள். அதிலேயே சிக்கென்று இருக்க வேண்டும். உள் வரிசைகள், நாள்பட எலாஸ்டிக் இளகும்போது மாற்றிக்கொள்வதற்கு. புதிதிலேயே உள் வரிசையில்தான் நிற்கிறது என்றால் அது பெரிய சைஸ். மாட்டியபின் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கிய சதையைக் கையால் அள்ளிக் கப்புக்குள் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமலே "எனக்கு அக்குளில் சதை அதிகம்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அது பெரும்பாலும் சின்னக் கப் தள்ளிவிட்ட மார்பகம். பிறகு பக்கவாட்டில் கண்ணாடியைப் பாருங்கள்: முன்னும் பின்னும் பட்டை ஒரே மட்டத்தில் இருக்கிறதா? கரும்பலகையில் எழுதுகிற மாதிரி கையைத் தூக்குங்கள். பட்டை கூடவே கிளம்பினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது.

போட்டுப் பார்க்க விடமாட்டோம் என்கிற கடையில் வாங்காதீர்கள். குர்த்தாவுக்கு மேலேயாவது போட்டுப் பார்க்க அனுமதிக்கிற கடைகள் உண்டு. மாற்றித் தருவோம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கடைகள் நினைக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் வரை கேட்கலாம். ஹூக் பிய்ந்தது, தையல் விட்டது என்றால் தைரியமாகக் கேளுங்கள். சைஸ் சேரவில்லை என்பதைப் பழுது என்று சொல்லிக் கேட்க முடியாது. பிராவை வாங்கிப் போட்டுப் பார்த்தால்தான் சைஸ் தெரியும், போட்டுப் பார்த்தால் திருப்ப முடியாது. இதுதான் நம் ஊர் ஏற்பாடு.

இனி மாடல். மேலே வற்றி, கீழே கனம் தங்குகிற உடம்புக்கு, ஒரே வார்ப்பில் செய்த ஃபோம் கப் டி-ஷர்ட் பிரா ஒத்துவராது. கப்பின் மேல் பாதி காலியாக நின்று, ரவிக்கைக்கு மேல் தனி விளிம்பு தெரியும். இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டித் தைத்த, நடுவில் தையல் ஓடுகிற முழுக் கப் வாங்குங்கள். பக்கவாட்டில் ஒரு துண்டு கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது, அது சதையை முன்பக்கம் திருப்பும். கீழ்க் கப் துணி நீளாத பருத்தியாக இருக்கட்டும், பனியன் துணி உங்கள் எடைக்குத் தொங்கிவிடும். மூன்று ஹூக் பட்டை. கம்பி வைத்தது கட்டாயமில்லை, ஆனால் வாங்கினால் கம்பி மார்பகத்தைச் சுற்றி விலா எலும்பின் மேல் உட்கார வேண்டும், சதை மேல் ஏறக் கூடாது. தோள் சரிவாக இருந்து ஸ்ட்ராப் நழுவுகிறது என்றால், பின்பக்கம் ஸ்ட்ராப்கள் நெருங்கி வருகிற மாதிரி பாருங்கள். 

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிற சங்கதி ஒன்று. தோள் வலி, முதுகு வலி என்று வாயைத் திறந்தால் போதும், தெரிந்தவர் மூலமாக ஒருவர் வீட்டுக்கே வந்து "காந்த பிரா", "நெகட்டிவ் அயான் பிரா" என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்வார். ரத்த ஓட்டம் சீராகும், கட்டி கரையும் என்பார், கூடவே நீங்களும் நான்கு பேரைச் சேர்த்தால் கமிஷன் என்பார். காந்தம் எந்தக் கட்டியையும் கரைக்காது. மார்பை நிமிர்த்தும் எண்ணெயும் அப்படியே: தேய்த்தால் தோல் பளபளக்கும், தளர்ந்த நார் திரும்பாது. கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பு உள்வாங்கினாலோ, தோல் சுருங்கினாலோ போக வேண்டிய இடம் டாக்டர். பெரிய கடைகளிலும் ஜாக்கிரதை. சில கவுன்ட்டர்களில் விற்பனைப் பெண்ணுக்குக் குறிப்பிட்ட சரக்கை விற்றால்தான் இன்சென்டிவ். "இது புதுசு மேடம், எல்லா உடம்புக்கும் சேரும்" என்றால் அந்த மாதம் தள்ள வேண்டிய சரக்கு அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் ஆய்வு மையம் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டது. எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி உண்டா இல்லையா, எந்த வயதில் தொடங்கினார்கள் என்று எல்லாம் கேட்டும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. நம் வெயிலில் வேறு ஒன்றுதான் வரும்: மார்புக்கு அடியில் வியர்வை தங்கி அரிப்பு, பூஞ்சைப் படை. பிராவைத் துண்டுக்கு அடியில் ஒளித்துவைத்து ஈரத்தோடு காயப்போடும் பழக்கத்தை விட்டாலே பாதி குறையும்.

தங்கைக்கு இது எதுவும் பொருந்தாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அக்கா சொன்னாள் என்று அவர் இறுக்கிப் போட்டுவிடக் கூடாது. கர்ப்பத்தில் விரிந்த விலா இன்னும் முழுதாக உள்ளே வந்திருக்காது. பால் கட்டிய நேரத்து அளவு வேறு, குழந்தை குடித்து முடித்த பிறகு அளவு வேறு. கப்போ கம்பியோ ஓரிடத்தில் அழுத்தினால் அங்கே பால் தேங்கிக் கட்டிக்கொள்ளும். அதனால் பால் நிறைந்திருக்கும் நேரத்தில் அளந்து, கப்பில், பால் கசிவை உறிஞ்சும் பேடுக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டு வாங்க வேண்டும். கம்பி வேண்டாம். பட்டை தளர்ந்த வரிசையில் உறுத்தாமல் நிற்கட்டும், விலா அடங்க அடங்க உள் வரிசைக்கு வரலாம். உறுத்தினால் ஹூக்கோடு மாட்டுகிற நீட்டிப்புத் துண்டு தனியாகக் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. ஸ்ட்ராப்பிலேயே கிளிப் இருந்து, குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கையும் வேண்டும் என்றால் நடுராத்திரியில் அழுகை வரும், குழந்தைக்கு மட்டும் இல்லை. நனைந்த பேடை உடனே மாற்ற வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரி வாசல் கடைகளில் எம், எல், எக்ஸ்எல் என்று போட்டு "பிரசவ செட்" விற்பார்கள். அதில் கப் கணக்கே இருக்காது. இரண்டு மூன்றுக்கு மேல் இப்போது வாங்க வேண்டாம். சில மாதம் கழித்து ஒருமுறை, பால் நிறுத்தியபின் ஒருமுறை அளவு மாறும். மார்பில் ஓரிடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டட்டும், பால் கொடுப்பதை அதற்காக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக ரவிக்கை. 36 டி-க்கு மாறியதும் மார்பு மேலே ஏறும், உங்கள் பழைய ரவிக்கைகளில் டக் முனை கீழே போய் நிற்கும், முன்பக்கம் சுருங்கும். பிரா சரியில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். புதிய பிராவைப் போட்டுக்கொண்டு தையல்காரரிடம் போய், தோளிலிருந்து டக் முனைக்குப் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தால் அவர் பழைய இடத்திலேயேதான் டக் பிடிப்பார். முதுகு இறங்கிய கழுத்து வைப்பதாக இருந்தால் மூன்று ஹூக் பட்டை வெளியே தெரியும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.