கடைசிச் சீட்டில், நடுவில் மாட்டிக்கொண்டால்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: சனிக்கிழமைதோறும் நண்பர்கள் மொட்டைமாடியில் போக்கர் ஆடுகிறோம், காசில்லை, வெறும் சிப்ஸ் வில்லைகள்தான். என் கையில் கிளாவர் பத்து, டைமன் பத்து. தரையில் (எல்லோருக்கும் பொதுவாக) ஆட்டின் ஏஸ், ஆட்டின் ஒன்பது, கிளாவர் ஆறு. பெட் போட்டேன், இருவர் கால் செய்தார்கள் (அதே அளவு வைத்தார்கள்). அடுத்து டைமன் இரண்டு, மூவரும் செக் (பெட் போடாமல் விட்டோம்). கடைசியாக ஸ்பேடு ஜாக்கி. நான் செக், அடுத்தவரும் செக், பாட் (நடுவில் குவிந்த சிப்ஸ்) 1,000 இருக்கும்போது கடைசி ஆள் 500 பெட் போட்டார். கால் செய்து தோற்றேன். தவறா?

தவறுதான் என்பேன். ஆனால் தோற்றதால் அல்ல.

நீங்களும் 500 போட்டால் மொத்தப் பாட் 2,000. நூற்றுக்கு 25 முறை ஜெயித்தாலே நஷ்டமில்லை. உங்கள் பத்து ஜோடி ப்ளஃபை (கையில் ஒன்றுமில்லாமல் பெட் போட்டு மிரட்டுவதை) மட்டும்தான் வெல்லும்; ஏஸோ ஜாக்கியோ வைத்திருப்பவரிடம் தோற்கும். பெட் போட்டவர் 30 சதவீதம் ப்ளஃப் செய்கிறார் என்று வையுங்கள். இருவர் மட்டும் மோதினால் தாராளமாகக் கால் செய்யலாம்.

ஆனால் உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார். முதல் சுற்றில் கால் செய்தவர், சுமாரான ஏஸ் இருக்கலாம். நான்கில் ஒரு முறை அவர் உங்களை வெல்வார் என்றால்கூட 30 சதவீதம் 22.5 ஆகிவிடுகிறது. தேவை 25. அதே சீட்டு, அதே பெட், ஆனால் இப்போது ஃபோல்ட் (சீட்டைப் போட்டு விலகுவது). முதலில் பேசவேண்டிய இடத்தில் உட்காருவதன் விலை இதுதான், நம்மில் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருந்தது. தரையில் இரண்டு ஆட்டின் போக மிச்சம் 11. அதிலிருந்து இரண்டு சீட்டு 55 விதமாக வரலாம். கையில் இரண்டு ஆட்டினோடு, ஐந்து ஆட்டின் சேரக் காத்திருந்து ஏமாந்தவர்தான் பெரும்பாலும் இங்கே ப்ளஃப் அடிப்பார். உங்கள் பத்தில் ஒன்று ஆட்டினாக இருந்திருந்தால் 55 என்பது 45 ஆகியிருக்கும், ப்ளஃப் வாய்ப்பும் குறைந்திருக்கும். உங்களிடம் ஆட்டின் இல்லாதது நல்லது. ஆனாலும் உங்களுக்குப் பின்னால் காத்திருப்பவரை ஈடுகட்ட அது போதாது.

அடுத்த முறை கால் சொல்லும் முன் பின்னால் காத்திருப்பவரை ஒரு கணம் பாருங்கள். தங்கள் முறை வருமுன்னே சீட்டைத் தூக்கிப் போடத் தயாராக வைத்திருப்பவர்கள் நண்பர்கள் ஆட்டத்தில் நிறைய. அப்படித் தெரிந்தால் மட்டும் 500-ஐ வையுங்கள்.