விறாந்தைக் கேள்விகள்: சண்டை நேரம், கூப்பன் அரிசி, வாழைமர நோட்டு

சென்ற இதழின் கடைசியில் "இரண்டாம் உலக யுத்த காலத்து யாழ்ப்பாணம் பற்றி ஏதும் கேட்க வேண்டுமானால் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். தபாலிலும் வைபரிலும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் 1947 இல் பிறந்தவன், அந்தச் சண்டையைக் கண்ணால் காணாதவன். அப்பா அப்போது கோப்பாய்ப் பக்கம் ஒரு சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், மனேச்சர். அம்மாவுக்கு ஞாபகசக்தி அதிகம், கோபமும் அதிகம். இரவுச் சாப்பாடு முடிந்தபிறகு விறாந்தையில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் மறுத்து மறுத்து அவர்கள் சொன்னவைதான் என்னுடைய கைமுதல். திகதிகளை மட்டும் பிறகு நானே தேடிச் சரிபார்த்தேன். ஆண்டு விஷயத்தில் அம்மாவை நம்பலாம், அப்பாவை நம்ப ஏலாது.

கேள்வி: என் தகப்பனார் 1943 பங்குனியில் பிறந்தவர். அவருடைய சாதகக் குறிப்பைக் கொண்டுபோனால் சாத்திரியார், "இது சண்டை நேரமோ, பழைய நேரமோ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்படி ஒரு நேரம் இருந்ததா?
– சுன்னாகம் வாசகி

இருந்தது தங்கச்சி. உங்கள் சாத்திரியார் விஷயம் தெரிந்தவர், அவரை விட்டுவிடாதீர்கள்.

1942 ஜனவரி 5 ஆம் திகதி இலங்கையின் மணிக்கூடுகளை அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் இன்னுமோர் அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு 1945 ஒக்டோபர் நடுப்பகுதி வரைக்கும் தீவு முழுவதும் ஒரு மணித்தியாலம் முந்தித்தான் ஓடியது. பொழுது படுமுன் வேலைகள் முடியட்டும், விளக்கு எரிவது குறையட்டும் என்பது எண்ணம். கந்தோர், கோச்சி (ரயில்), பள்ளிக்கூடம் எல்லாம் புது நேரத்துக்குப் போயின. கோயில் பூசையும் எங்கள் வீட்டுப் பசுவும் போகவில்லை. யாராவது நேரம் கேட்டால் ஆச்சி, "மணி எட்டு, நேரம் ஏழு" என்றுதான் சொல்லுவாராம்.

குறிப்பு விஷயத்துக்கு வருகிறேன். லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும். ஆகவே ஒரு மணித்தியாலம் பிசகினால் பாதிப் பேருக்கு லக்கினமே வேறாகிவிடும். நட்சத்திரம் பெரும்பாலும் தப்பிவிடும், சந்திரன் அவ்வளவு அவசரப்படுவதில்லை. உங்கள் தகப்பனார் பிறந்த நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்து எழுதியிருந்தால் ஒரு மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுக் கணியுங்கள். உதயாதி நாழிகை (சூரிய உதயத்தில் இருந்து எண்ணும் நாழிகை) என்று எழுதியிருந்தால், அது சூரியனைக் கொண்டு கணித்ததா, மணிக்கூட்டில் இருந்து மாற்றி எழுதியதா என்று பாருங்கள். எங்கள் பெரியக்காவின் குறிப்பில் இந்தக் கழிப்பு நடக்கவில்லை. செவ்வாய் எட்டில் என்று சொல்லி இரண்டு நல்ல சம்பந்தம் குழம்பியது. மூன்றாவது மாப்பிள்ளை வீட்டுச் சாத்திரியார் கேட்ட முதல் கேள்வியே "சண்டை நேரமோ?" என்பதுதான்.

கேள்வி: யப்பான்காரன் யாழ்ப்பாணத்திலும் குண்டு போட்டானா? என் அப்பப்பா போட்டான் என்கிறார்.
– கொக்குவில் மாணவன்

இல்லைத் தம்பி. ஆனால் அப்பப்பாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

1942 ஏப்ரல் 4 பின்னேரம், கொக்கலையில் இருந்து பறந்த கற்றலினா விமானம் ஒன்று தீவுக்குத் தெற்கே யப்பான் கடற்படையைக் கண்டது. ஓட்டியவர் பேர்ச்சல் என்ற கனடாக்காரர். விமானத்தைச் சுட்டு விழுத்திவிட்டார்கள், ஆனால் அதற்குள் செய்தி போய்விட்டது. அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்புத் துறைமுகத்திலும் இரத்மலானையிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலையும் சீனன்குடாவும். அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது, ஏறத்தாழ முந்நூறு பேர் அதோடு போனார்கள். நகுமோ என்ற தளபதி கூட்டிவந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, இரண்டு மாதம் கழித்துப் பசிபிக் கடலில் மிட்வேயில் அடிபட்டு மூழ்கின. இந்தப் பக்கம் அப்படி ஒரு படை பிறகு வரவேயில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வந்தது குண்டு அல்ல, கோச்சி. கொழும்பில் கிளாக்கர் வேலை பார்த்தவர்கள் பெண்டு பிள்ளைகளை எல்லாம் ஊருக்கு ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் சித்தப்பா ஒரு தையல் மெசினையும் கூடவே அனுப்பினார். எட்டுப் பேர் இருந்த வீட்டில் இருபத்தொரு பேர். கிணற்றுத் துலாக் கயிறு ஓயவில்லை என்பார் அம்மா. வளவில் பதுங்கு குழி வெட்டினார்கள். எங்கள் மண் தெரியும்தானே, மூன்றடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல். முழங்கால் அளவு குழிக்குள் இருபத்தொரு பேர் எப்படிப் பதுங்குவது என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாரி வந்து குழி நிரம்பிவிட்டது. பிறகு அதில் கதலி வாழை வைத்தார்கள். நான் அதில் குலை வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: "கூப்பன்" யுத்த காலத்தில் தொடங்கியதா? அதற்கு முந்தி மக்கள் அரிசி எங்கே வாங்கினார்கள்?
– கிளிநொச்சியிலிருந்து ஒரு கமக்காரர்

கமக்காரரே கேட்கிறபடியால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இலங்கை சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் கடல் கடந்து வந்தது. அதில் பெரும்பங்கு பர்மா அரிசி. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மாரி மழையை நம்பிய ஒரு போகம்தானே. அது முடிய எல்லாரும் மூட்டை அரிசிக்காரர். 1942 மார்ச் 8 இல் பர்மாத் தலைநகர் றங்கூன் யப்பானிடம் விழுந்தது. அந்த ஒரு செய்தியோடு கடைக்காரர்களின் முகம் மாறிவிட்டது என்று அப்பா சொல்லுவார். துப்பாக்கிச் சத்தம் கேட்காத ஊரில் முதலில் சத்தம் போட்டது வெறும் அரிசிப் பானைதான்.

அப்படித்தான் கூப்பன், அதாவது பங்கீட்டு அட்டை, வந்தது. வயதைப் பார்த்து, செய்யும் வேலையைப் பார்த்து ஆளுக்கு இவ்வளவு என்று அளவு. உடல் உழைப்பாளிக்குக் கொஞ்சம் கூட. அரிசியை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கக் கடைகள் வேண்டுமே. அதற்காக அந்த மூன்று நாலு வருடத்தில் தீவு முழுவதும் கூட்டுறவுக் கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. எங்கள் அப்பாவுக்கு மனேச்சர் வேலை கிடைத்ததும் அதனால்தான். யுத்தம் வராவிட்டால் அவர் புகையிலைத் தோட்டத்தோடு நின்றிருப்பார்.

சங்கக்கடையில் நிறுக்கிறவனுக்குத்தான் ஊர் முழுவதும் பகை. அரிசியில் கல் கிடந்தால் அப்பா போட்ட கல். மூட்டையில் வண்டு இருந்தால் அப்பா வளர்த்த வண்டு. செத்தவரின் கூப்பனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. ஒரு கிழவர் செத்த வீட்டுக்கு அப்பாவே போய்ப் பந்தம் பிடித்து வந்தார். அடுத்த கிழமை அந்தக் கிழவரின் மகள் ஐந்து கூப்பனோடு வந்து நின்றாள். வீட்டில் உயிரோடு இருந்தது நாலு பேர். அப்பா தலையை நிமிர்த்தாமல் ஐந்துக்கும் அளந்தாராம். "இரண்டு கிழமைதான்" என்று அப்பா சொல்லுவார். "இரண்டு மாதம்" என்று அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வரும். சரி, இருவரும் இப்போது இல்லை, நான் இரண்டு மாதம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நெல் விளைவித்தவர்கள் ஒரு பங்கை அரசாங்கம் வைத்த விலைக்கு அரசாங்கத்துக்கே கொடுக்கவேண்டும் என்றும் சட்டம் வந்தது. அம்மாவின் மாமி ஒருவர் நாலு மூட்டையை வைக்கோல் போருக்குள் ஒளித்தார். அதிகாரி கண்டுபிடிக்கவில்லை, எலி கண்டுபிடித்தது.

அரிசிக்குப் பதிலாக வந்தது கோதம்ப மா. முதலில் அதை எப்படிச் சமைப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. பச்சை மாவைப் புட்டுக்குக் குழைத்தால் களி. துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு அரித்து எடுத்தால் அரிசிமா மாதிரி உதிரும் என்று யாரோ ஒருத்தி கண்டுபிடித்தாள். அந்தப் பெண்ணுக்கு நல்லூரில் ஒரு சிலை வைத்திருக்கவேண்டும். இன்றைக்கும் எங்கள் வீடுகளில் அவித்த மா இல்லாமல் இடியப்பம் கிடையாது. சீனிக்குப் பனங்கட்டி. இரவில் ஒடியல் கூழ். மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் புன்னைக்கொட்டை எண்ணெயும் இலுப்பெண்ணெயும். பனையைப் பற்றித் தனியாக எழுதினால் இந்த இதழ் போதாது.

உங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இரணைமடுவை நம்பி 1930களில் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றம், அரிசி இல்லாத அந்த வருடங்களில்தான் யாழ்ப்பாணத்தாரின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு முந்தி "காடு, காய்ச்சல்" என்று பெண் கொடுக்க யோசித்தவர்கள், பிறகு "வயல் எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார்கள்.

யுத்தம் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. 1953 இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏற்றப் போய்த்தான் ஓகஸ்ட் 12 ஹர்த்தால் நடந்தது, பிரதமர் டட்லி சேனநாயக்கவும் பதவி விலகினார்.

கேள்வி: குழப்படி செய்தால் அம்மம்மா என்னை "எம்டன்" என்று ஏசுகிறார். அது என்ன?
– மானிப்பாய், எட்டாம் வகுப்பு

அது இதற்கு முந்திய யுத்தத்துச் சொல். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு ஓடிவிட்டது. பிறகு இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பல கப்பல்களை மூழ்கடித்தது. நவம்பரில் கொக்கோஸ் தீவில் அதற்கும் முடிவு வந்தது. அகப்படாத விண்ணனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மம்மா உங்களை மனதுக்குள் மெச்சுகிறார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பலாலி விமான நிலையத்தை வெள்ளைக்காரன் யுத்தத்துக்காகக் கட்டினான் என்பது உண்மையா?
– அச்சுவேலி வாசகர்

உண்மை. பிரித்தானிய விமானப்படை அதைக் காங்கேசன்துறை என்ற பெயரால் அழைத்தது. அங்கிருந்து லிபரேட்டர் என்ற நாலு எஞ்சின் விமானங்கள் வங்கக் கடலுக்கு மேலாகப் பறந்தன. யுத்தம் முடிந்த பிறகு, 1947 டிசம்பர் 10 இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் இருந்து சென்னைக்கு இந்த வழியாகத்தான் போனது. அதற்குப் பிந்திய கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் பலாலிக்குப் பக்கத்து அச்சுவேலி.

கேள்வி: எங்கள் பழைய றங்குப் பெட்டியில் வாழைமரப் படம் போட்ட பத்து டொலர் நோட்டுகள் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தா மலாயாவில் இருந்தவர். இவற்றுக்குப் பெறுமதி உண்டா?
– புங்குடுதீவு, இப்போது ரொறன்ரோ

காசாகப் பெறுமதி இல்லை. யப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் அச்சடித்த நோட்டு அது. அவன் 1945 இல் சரணடைந்ததும் வெறும் கடுதாசியாகிவிட்டது. பழங்காசு சேர்ப்பவர்கள் ஏதோ தருவார்கள், அதற்காக விற்கவேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்கு யுத்தம் எந்த வாசலால் வந்தது என்று என்னைக் கேட்டால், கொழும்பு வாசலால் அல்ல, மலாயா வாசலால் என்பேன். அங்கே ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எங்கள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். இங்கே கல்வீடுகள் எழும்பியதும் சீதனம் ஏறியதும் அங்கிருந்து வந்த மணியோடரால். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு காசும் இல்லை, கடிதமும் இல்லை. பெரியப்பா கோலாலம்பூரில் ரயில்வே கிளாக்கர். மூன்றரை வருடம் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. பெரியம்மா தபால்காரனைக் கண்டால் படலைக்கு ஓடுவதை முதல் வருடத்தோடு நிறுத்திவிட்டார். தாலிக்கொடியை அடைவு வைக்கச் சொன்னபோது மட்டும், "அவர் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?" என்று மறுத்துவிட்டார். காதில் கிடந்த தோடுதான் போனது.

அங்கே யப்பான்காரனும் சும்மா இருக்கவில்லை. சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் ரயில் பாதை போடக் கொண்டுபோன போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தோட்டங்களில் இருந்து கொண்டுபோன தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அதைவிடப் பல மடங்கு. 1943 இல் சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது எங்கள் இளைஞர் சிலரும் அவருடைய படையில் சேர்ந்தார்கள். பெரியப்பா எதிலும் சேரவில்லை. மரவள்ளிக்கிழங்கு நட்டுச் சாப்பிட்டேன் என்பதற்கு மேல் அவர் வாயில் இருந்து ஒரு சொல் வராது. பிறகு சாகும்வரை மரவள்ளியைத் தொட்டதும் இல்லை.

1946 இல் வந்து இறங்கினார். கையில் ஒரு பிஸ்கட் ரின். பெரியம்மா திறந்து பார்த்தார், அடுக்கு அடுக்காக வாழைமர நோட்டு. மூன்றரை வருடச் சம்பளம். அந்த நோட்டுகளை வைத்து நாங்கள் கடை வைத்து விளையாடினோம். பூவரசம் இலைக்கு ஒரு நோட்டு, ஊமத்தங்காய்க்கு இரண்டு. பெரியப்பா சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார், ஏச மாட்டார்.

கடைசியில் பதினைந்து நோட்டு மிஞ்சியது. அவற்றை ஒரு கொப்பிக்குள் வைத்து அலுமாரியில் பூட்டியிருந்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, எல்லோரோடும் சேர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தேன்; அலுமாரியைத் தூக்க முடியவில்லை. திரும்பி வந்து பார்க்க, அலுமாரி இருந்தது, கொப்பி இல்லை. எடுத்தவர் அதை எங்கேயாவது மாற்றப் போய்த் திட்டு வாங்கியிருப்பார்.