இறுதி விருப்பத்தை யாரிடம் சொல்லி வைப்பது?

இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் 71 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "என் உடலை எரிக்க வேண்டும், கண்களைத் தானம் செய்ய வேண்டும். மது கூடாது, தப்பு மேளம் வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதில், நான் படிப்பித்த பாடசாலையில் நினைவுக் கூட்டம் போதும். மகன் கொழும்பில், மகள் கட்டாரில். இவற்றை மரணசாசனத்தில் எழுதினால் போதுமா?"

போதாது ஐயா. மரணசாசனம், அதாவது உயில், சொத்துக்கு உதவும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகளும் கூடியிருக்கக் கையொப்பமிட்டால் அது செல்லுபடியாகும். ஆனால் சாவு வீட்டில் அதை எவரும் பிரித்துப் படிப்பதில்லை. எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கக் கணக்கை நான் பார்த்த காலத்தில், பெரியவர் ஒருவரின் அலுமாரியில், மடித்த வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு கடித உறை கருமாதிக்குப் பிறகே கிடைத்தது. "என்னை எரித்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். அவரைப் புதைத்துப் பதினெட்டு நாட்களாகியிருந்தன.

தோட்டத்தில் ஒரு சாவு எப்படி நடக்கும் என்பது முதல் இரண்டு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. கொழும்பில் மகன் பஸ் ஏறுவதற்குள் தோட்டத் தலைவர் வந்துவிடுவார்; சங்கத்தார் கூடாரத்தையும் கதிரைகளையும் இறக்குவார்கள்; இளைஞர்கள் பாதையோரம் வெள்ளைக்கொடி கட்டுவார்கள்; ஒருவர் மலர்ச்சாலைக்குத் தொலைபேசியெடுக்க, நான்கு பேர் மண்வெட்டியோடு குழி வெட்டப் போய்விடுவார்கள். வெட்டிய குழியை மூடச் சொல்ல எந்த மகனுக்கு வாய் வரும்? ஆகவே உங்கள் விருப்பங்களை ஒரே தாளில் எழுதி, பிள்ளைகளுக்கும் சங்கச் செயலாளருக்கும் பக்கத்து வீட்டுக்கும் பிரதி கொடுங்கள். சங்கக் கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தாளின் தலையில் கண்தானத்துக்கான தொலைபேசி எண் இருக்கட்டும். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்தில் இப்போதே பதிந்துகொள்ளலாம். கருவிழியைச் சில மணி நேரத்துக்குள், மகள் வரும்வரை உடலை வைத்திருக்க மலர்ச்சாலையார் எம்பாம் செய்வதற்கு முன்பே, எடுத்தாக வேண்டும். மலைப்பாதையில் யார், எங்கிருந்து வருவார்கள் என்பதையும் இன்றே கேட்டுவையுங்கள். தகனத்துக்கு, எந்தத் தகனசாலை, என்ன கட்டணம் என்று உள்ளூராட்சிச் சபையில் விசாரியுங்கள்; தோட்டத்து மயானத்திலேயே விறகில் எரிப்பதானால் தோட்ட நிர்வாகத்தோடு முன்கூட்டிப் பேச வேண்டும்.

மது கூடாது, தப்பு வேண்டும் என்ற இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடும். தப்படிப்பவர்களுக்குக் கூலியைச் சாராயப் போத்தலாகக் கொடுத்துப் பழகிய இடங்கள் உண்டு. சாதியைச் சொல்லி, குறிப்பிட்ட குடும்பத்தாரையே அடிக்க வைத்த கதையும் நமக்குத் தெரியும். அந்தக் கலைஞர்களை நீங்களே நேரில் சந்தித்து, விரும்பித்தான் வருகிறார்களா என்று கேட்டு, கூலியைப் பணமாகப் பேசி, மற்றவர்களோடு கதிரையில் அமர்ந்து சாப்பிடுவார்கள் என்பதையும் தாளில் எழுதுங்கள். இதை நீங்கள் எழுதாவிட்டால் அன்றைக்கு எவரும் நினைக்க மாட்டார்கள்.

காரியத்தை மட்டும் அடியோடு தடுத்து எழுத வேண்டாம் என்பேன். வீட்டார் அதை விரும்பலாம். காலையில் காரியமும் பின்னேரம் பாடசாலையில் கூட்டமும் நடக்கலாம். கூட்டத்தில் யார் பேசுவது என்பதைவிட, எத்தனை பேர் பேசுவது என்பதைக் குறித்து வையுங்கள். மூன்று பேருக்கு மேல் போனால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கு அன்று மகனுக்கு உதவாது. மரண உதவிச் சங்கம் தரும் தொகைக்கு மேல் தேவைப்படுவதை மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் வையுங்கள். மரணத்தை 5 நாட்களுக்குள் பதிய வேண்டியிருப்பதால், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் அந்தத் தாளோடு ஒரே உறையில் இருக்கட்டும். அந்த உறை அலுமாரிக்குள் போக வேண்டாம்.